நாலாம் நம்பர் வீட்டை நான் காலி செய்யச் சொல்லமாட்டேன்

திருப்பூரில் எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த மாதம் இரண்டாம் தேதி இரவு ஒன்பதரை மணிக்குச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. மறுநாள் காலையில் அதையே பிரிண்ட் எடுத்து மூன்று வீதிகளிலும் மின்கம்பத்தில் ஒட்டியிருந்தீர்கள். வடமாநிலத்தவருக்கு இனி நம் பகுதியில் வீடு வாடகைக்கு விடக்கூடாது, ஏற்கனவே குடியிருப்பவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும், மீறும் வீட்டுக்காரர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம். ‘ஒருமனதாக’ என்று போட்டிருக்கிறீர்கள். பதினான்கு வருடமாக மாதச் சந்தா கட்டும் எனக்கு அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. என்னைப் போல லைன் வீடு, அதாவது வாடகைக்கு விட வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகள், வைத்திருக்கும் இன்னும் நாலு பேரிடம் கேட்டேன், அவர்களுக்கும் வரவில்லை.

அது போகட்டும். அந்த நோட்டீஸை எங்கள் வீதியில் முதலில் வாய்விட்டுப் படித்தது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் லைன் வீட்டில் நாலாம் நம்பரில் பீகாரின் சிவான் மாவட்டத்துக் குடும்பம் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறது. அவர் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர், மனைவி தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை. இரண்டு பேருக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்த ஒரே ஆள், ஏழாம் வகுப்புப் போகும் மகள். கம்பத்தில் ஏதோ புதிதாக ஒட்டியிருக்கிறதே, தண்ணீர் விடும் நாளாக இருக்கும் என்று அந்த அம்மாள் மகளைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னாள். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று ஆரம்பித்தாள் பெண். ‘தீர்மானிக்கப்பட்டுள்ளது’ என்ற சொல்லில் ஒரு தடவை தடுக்கி, எழுத்துக் கூட்டி, சரியாகச் சொன்னாள். ‘காலி செய்ய வேண்டும்’ வந்ததும் நின்றுவிட்டாள். அம்மா அவர்கள் பாஷையில் என்னவோ கேட்க, இவளும் என்னவோ சொன்னாள். அம்மா தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அப்புறம் அந்தப் பெண் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். “பெரியம்மா, வடமாநிலத்தவர்னா நாங்களா?”

“அம்மாகிட்ட என்ன கண்ணு சொன்னே?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை தண்ணி வருதாம்னு சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் ஷிப்டை முடித்துவிட்டு ஓட்டமாக வந்து, குடங்களையும் டிரம்மையும் கழுவி வரிசையாக வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வருகிற நாளே இல்லை அது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் மகள் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் பிறந்தது இதே திருப்பூரில். சிவானுக்கு இதுவரை இரண்டு முறை போயிருக்கிறாள், இரண்டுமே கல்யாணத்துக்கு.

இனி என் கதை. உங்களில் சிலருக்குத் தெரியும், சிலர் மறந்திருப்பீர்கள்.

1988ல் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தோம். கிணறு வற்றி அப்பா கடனாளி ஆகியிருந்தார். தாய்மாமா ஒருவர் பவர்டேபிளில் டைலராக இருந்த தைரியத்தில் இரண்டு மூட்டையோடு பஸ் ஏறினோம். எனக்குப் பதின்மூன்று வயது, வந்த மூன்றாம் நாளே பனியன் கம்பெனியில் டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போய்விட்டேன். வேலை கிடைக்க மூன்று நாள் ஆனது. வீடு கிடைக்க மூன்று வாரம் ஆனது.

“எந்த ஊருங்க?” என்பார்கள். “மதுரைப் பக்கம்” என்பாள் அம்மா. உடனே முகம் மாறும். “வீடு சொந்தக்காரங்க வர்றாங்க, இல்லீங்க.” அடுத்த கேள்வி “என்ன ஆளுங்க” என்று வரும், அதற்கு எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகத்தான் முடிந்தது. நாலாவது வீட்டிலிருந்து அம்மா ஊரை மாற்றிவிட்டாள். முதலில் திண்டுக்கல். அது எடுபடவில்லை, ஒட்டன்சத்திரம். அப்புறம் பழனி. வீடு தேடத் தேட எங்கள் சொந்த ஊர் திருப்பூரை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வீட்டில் தாராபுரம் என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக்காரம்மா பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று காட்ட, “அங்கிட்டா?” என்று கேட்டுவிட்டாள் அம்மா. தாராபுரத்தில் யார் அங்கிட்டு இங்கிட்டு என்று பேசுவார்கள்! அந்த அம்மா ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “அட, வந்து இருங்க சாமி” என்று சாவியைக் கொடுத்தார். அந்தப் புண்ணியவதி இல்லையென்றால் நாங்கள் திரும்பிப் போயிருப்போம்.

தெக்கத்தி ஆட்கள் வந்துதான் ஊர் கெட்டது, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள், அரிவாள் எடுப்பார்கள், ஒரு வீட்டில் பத்துப் பேர் அடைகிறார்கள், குறைந்த கூலிக்கு வருகிறார்கள். பொதுக்குழாயில் குடம் வைத்து நின்ற காலத்தில் என் காது இத்தனையையும் கேட்டிருக்கிறது. உங்கள் தீர்மானத்தில் காரணம் என்று எழுதியிருக்கும் ஐந்து வரியில் அரிவாளைத் தவிர மற்ற எல்லாமே இருக்கிறது.

நம் நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். இந்த மண்ணிலேயே இரண்டு தலைமுறையாவது இருந்த குடும்பம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று. மற்ற எட்டுப் பேரும் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சேலம், தஞ்சாவூர் என்று பிழைக்க வந்து, பனியனில் ஒரு வீடு கட்டி, ரேஷன் கார்டை மாற்றிக்கொண்டவர்கள். தலைவர் அண்ணா, உங்கள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே வருடத்தில் வந்தவர்கள் என்று உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நீங்களேதான் சொன்னீர்கள்.

வருடா வருடம் ஜனவரி 11ஆம் தேதி சங்கத்தின் சார்பில் குமரன் படத்துக்கு மாலை போட்டு மிட்டாய் கொடுக்கிறோம். கொடிகாத்த குமரன் பிறந்தது சென்னிமலையில். வேலை தேடித் திருப்பூருக்கு வந்த பையன்தான் அவர். 1932ல் உயிரைக் கொடுத்த பிறகு ‘திருப்பூர் குமரன்’ ஆகிவிட்டார். சென்னிமலை கூப்பிடு தூரம்தானே என்பீர்கள். சரி, எத்தனை கிலோமீட்டர் வரை நம்மவர், எங்கிருந்து அந்நியர் என்று அடுத்த தீர்மானத்தில் எழுதிவிடுங்கள், எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

1961 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தொடாத ஊர் இது. அப்போது பனியன் என்றால் கல்கத்தாதான். 1978ல் இத்தாலிக்காரர் ஒருவர் துணி வாங்க வந்தார், அதிலிருந்து ஏற்றுமதி சூடுபிடித்தது. 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது, அதன் பிறகு காண்ட்ராக்ட் முறை பெருகியது. நாங்கள் வந்தது அந்தக் காற்றில்தான். 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் மட்டும் 4,44,352 பேர். வேலம்பாளையம், நல்லூரையெல்லாம் சேர்த்த பிறகு அதே கணக்கு 8.77 லட்சமாக நின்றது. பிள்ளை பெற்று மட்டும் ஒரு ஊர் இப்படி வளராது. ஒவ்வொரு பத்து வருடமும் ஒரு கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது, முன்னால் வந்த கூட்டம் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்திருக்கிறது. காதர்பேட்டை பனியன் சந்தையில், ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ் டீ-ஷர்ட் வாங்க நைஜீரியாக்காரர்கள் வந்து தங்கியபோதும் இதே கதைதான். அவர்கள் வீட்டு வாடகைக்குப் பேரம் பேசாமல் கொடுத்ததால் நம் சுளிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது தெற்கிலிருந்து ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. ஊரிலேயே நூறு நாள் வேலை வந்தது, பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள். என் மூத்தவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், இளையவள் நர்ஸ். பதினொரு நிர்வாகிகளின் பிள்ளைகளில் ஒருவராவது ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாரா? நம் பிள்ளைகள் எழுந்து வந்த ஸ்டூலில்தான் பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் அஸ்ஸாமும் உட்கார்ந்திருக்கின்றன. என் மகன் பெங்களூரில் வீடு பார்த்தபோது “கன்னடம் வருமா” என்று முதல் கேள்வி கேட்டார்களாம். போனில் என்னிடம் அவ்வளவு கோபப்பட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு என் அம்மாவின் தாராபுரம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் எல்லோரையும் ‘ஹிந்திக்காரன்’ என்று எழுதுகிறீர்கள். ஆறாம் நம்பர் வீட்டில் இருப்பவர்கள் ஒடியா பேசுகிறவர்கள். மூன்றாம் வீதி முனையில் தங்கியிருக்கும் பையன்கள் வங்காளிகள். அவர்களை ஹிந்திக்காரன் என்பது, டெல்லியில் நம்மையும் மலையாளியையும் தெலுங்கரையும் சேர்த்து ‘மதராஸி’ என்று கூப்பிட்ட மாதிரிதான். அதற்கு நாம் எவ்வளவு கொதித்திருக்கிறோம்!

எனக்கு மட்டும் எல்லாம் இனிக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் நிலையத்துப் பக்கம் போனால் காதில் தமிழ் விழுவதே அபூர்வம். தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் வாழ்ந்த ஊரில் சட்டென்று விருந்தாளி ஆகிவிட்ட மாதிரி ஒரு உணர்வு. அதை மறைக்க மாட்டேன். ஹான்ஸ் போட்டுச் சுவரில் துப்புகிறார்கள், உண்மை. ஞாயிறு ராத்திரி சத்தம், உண்மை. போன வருடம் என் ஏழாம் நம்பரில் இருந்த இரண்டு பையன்கள் குடித்துவிட்டு ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்தான். நானே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துக் காலி பண்ணச் சொன்னேன். குடித்து அடித்துக்கொண்டதற்காகச் சொன்னேன். அதற்கு முந்தின வருடம் இதே காரணத்துக்காக ஒரு திருமங்கலத்துக்காரனையும் அனுப்பினேன், அப்போது மதுரை மாவட்டத்தையே தடை செய்யலாம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை.

இரண்டாம் வீதியில் செல்போன் திருடு போனதைத் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறீர்கள். திருடியது யார் என்று இன்றுவரை தெரியாது. போலீஸுக்கே தெரியாதது நம் செயலாளருக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்தது பணம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் இதில் கூட்டு. பத்துக்குப் பத்து அறை. நம்மூர்க் குடும்பம் என்றால் 3,500 ரூபாய் வாடகை. அதே அறையில் வடக்கத்திப் பையன்கள் ஆறு பேர் என்றால் தலைக்கு 1,200, மொத்தம் 7,200. கரண்டுக்குத் தனியாகச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய். இதை இந்தப் பகுதியில் ஆரம்பித்து வைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நானும் இரண்டு வருடம் அப்படி வாங்கினேன். ஒரு தடவை என் இளைய மகள் வீட்டுக்கு வந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்து, “அம்மா, இது வாடகையா, வட்டியா?” என்று கேட்ட பிறகு நிறுத்தினேன். ஒரு வீட்டில் பத்துப் பேர் அடைகிறார்கள் என்று தீர்மானத்தில் எழுதுகிறோமே, அந்தப் பத்துத் தலைக்கும் எண்ணி வாங்கியது யார்?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்று, பாதிப் பேர் ஊருக்குப் போனார்களே, அந்த இரண்டு மூன்று மாதம் நினைவிருக்கிறதா? நம் பகுதியில் வரிசையாக வீடுகள் காலி. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்ட முடியவில்லை என்று சங்கக் கூட்டத்திலேயே புலம்பினோம். அப்போது நம் நிர்வாகி ஒருவர் கேட்டில் ‘கம்ரா காலி ஹை’, அதாவது அறை காலி, என்று ஹிந்தி எழுத்தில் பலகை எழுதி வைத்தார். ஹிந்தி தெரியாத பெயிண்டர் செல்போனைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. மேல்கோடு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, கோலம் மாதிரி இருந்தது. நாலாம் நம்பர்ப் பெண் பள்ளிக்கூடம் போகும்போது அதைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு எழுத்து தப்பாம். அந்தப் பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதற்கு எதிர்க் கம்பத்தில்தான் இப்போது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

2020ல் ஊரடங்கு போட்டபோது இவர்கள் சோற்றுக்கு வழியில்லாமல் மாடியில் உட்கார்ந்திருந்ததும், மே மாதம் சிறப்பு ரயில் விட்டதும் மூட்டையோடு நடந்ததும் நாம் பார்த்தது. அப்புறம் ஆளில்லாமல் லைன் ஓடாமல் போனதும், பஸ் அனுப்பிக் கூட்டி வந்ததும் பார்த்தது. 2023 மார்ச்சில் பீகாரிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. ஹோலி நேரம் வேறு. அயர்ன் மாஸ்டரின் அண்ணன் சிவானிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டு உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டார். இவர் போனை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஹிந்தி தெரியாது. தெரிந்த ஒரே வார்த்தையாக “அச்சா, அச்சா” என்று நாலு தடவை சொன்னேன். பீகார் அரசாங்கமே குழு அனுப்பித் திருப்பூரில் விசாரித்தது, எல்லாம் புரளி என்று முடிந்தது. நம் சங்கமும் அப்போது ‘யாரும் பயப்பட வேண்டாம்’ என்று ஹிந்தியில் ஒரு பேப்பர் ஒட்டியது, இதே மின்கம்பத்தில். பயப்படாதே என்று ஹிந்தியில் சொல்லத் தெரிந்த சங்கத்துக்கு, வெளியே போ என்று சொல்லும்போது மட்டும் தமிழ் போதும் என்று தோன்றிவிட்டது.

தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சட் பூஜை. ஆற்றிலோ குளத்திலோ இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனைக் கும்பிட வேண்டும். நொய்யலில் இறங்கி நிற்கிற மாதிரியா இருக்கிறது? சாயத் தண்ணீர் விட்டு விட்டு நாம் அந்த ஆற்றை என்ன செய்தோம், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு எப்படிக் கெடுத்தோம் என்பது ஊருக்கே தெரியும். அப்போது கெடுத்தது வடக்கத்தியான் இல்லை. அதனால் அந்த அம்மாள் என் மாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் நின்றாள், ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். விடிகிற நேரத்தில் பாத்திரக் கடை மாடிக்கு மேலே சூரியன் வந்தது. முறத்தில் கரும்பு, வாழைப்பழம், கோதுமையும் வெல்லமும் போட்டுப் பொரித்த டேகுவா. முறத்தில் கரும்பும் வாழைப்பழமும் வைத்துச் சூரியனைக் கும்பிடுவதைப் பார்த்தால் எனக்கு நம் பொங்கல்தான் தெரிந்தது. அன்று ராத்திரி மாடியில் பாட்டுச் சத்தம் என்று குழுவில் மூன்று புகார். ஆடி மாதம் முழுக்கக் கோயில் ஸ்பீக்கரைத் தாங்குகிற காது நமக்கு.

இனிச் சட்டம். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் நோட்டீஸைக் காட்டினேன். இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. வாடகைக்காரரைக் காலி செய்ய வைப்பதற்குத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு இன்ன இன்ன காரணம் என்று வகுத்திருக்கிறார்கள், அதற்கென்று வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அந்தக் காரணங்களில் பிறந்த மாநிலம் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்குத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதும் அதே சட்டப்படி தவறு. நோட்டீஸ் ஒட்டிய அடுத்த முறை தண்ணீர் விட்டபோது லைன் வீட்டுப் பக்கத்து வால்வை அரைமணி நேரம் முன்னாலேயே மூடினீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அன்று என் பக்கம் பதினெட்டுக் குடத்துக்குப் பதில் ஐந்து குடம்தான் நிரம்பியது. என் வீட்டுக் குடமும் அந்த வரிசையில்தான் இருந்தது.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தீர்மானத்தில் ஓரளவு நியாயம் இருக்கும் இடம் அது ஒன்றுதான். என் சித்தப்பா மகன் ஐம்பத்தைந்து வயது ஓவர்லாக் டைலர். ஹாஸ்டலிலேயே தங்கி நாள் தவறாமல் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற பையன்கள் கிடைப்பதால் கம்பெனியில் இவனுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பையனுக்குக் கையில் வருவது காண்ட்ராக்டர் கமிஷன் போக மிச்சம். இருவருக்கும் ஒரே கூலி, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போட்ட ஒப்பந்தக் கூலி, சரியாகக் கொடுத்தால் மலிவாக ஆள் பிடிக்கிற லாபமே கம்பெனிக்கு இருக்காது. அதைக் கேட்க வேண்டிய இடம் கம்பெனி கேட். நாம் போய் நிற்பதோ அவன் தூங்குகிற அறை வாசலில். நம் நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார்கள், இரண்டிலும் முக்கால்வாசிப் பேர் ஒடிசாக்காரர்கள். வேலை செய்ய வேண்டும், குடியிருக்கக் கூடாது என்றால் அவர்கள் ராத்திரியில் எங்கே போய் ஆவியாக வேண்டும்?

நான் கேட்பது இவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவைக் கூட்டுங்கள், லைன் வீட்டுக்காரர்கள் உட்பட எல்லா உறுப்பினருக்கும் மூன்று நாள் முன்பே எழுத்தில் அழைப்பு கொடுங்கள், அந்தக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். ரத்தான செய்தியை, நோட்டீஸ் ஒட்டிய அதே கம்பங்களில், தமிழிலும் ஹிந்தியிலும் ஒட்டுங்கள். பிழை பார்க்க நாலாம் நம்பர்ப் பெண் இருக்கிறாள். அது வரைக்கும் வால்வு பழைய நேரப்படி ஓட வேண்டும், இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒழுங்கு வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. எழுத்தில் வாடகை ஒப்பந்தம், ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, குப்பை போடும் நேரம், ராத்திரிச் சத்தத்துக்கு ஒரு மணி, இவற்றை உசிலம்பட்டிக்காரருக்கும் சிவான்காரருக்கும் சேர்த்து எழுதுங்கள், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். ஆதார் நகல் கேட்பதானால் எல்லா வாடகைக்காரரிடமும் கேளுங்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவதையும் சப்-மீட்டர் கொள்ளையையும் அதே கூட்டத்தில் நிறுத்த வேண்டும். நிர்வாகக் குழுவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இரண்டு இடம் வேண்டும், அதில் ஒன்று வெளிமாநிலத்தவருக்கு.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வீடு வீடாக வருவார்கள். வரி ஏறும் என்று பயந்து, பத்துப் பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேர் என்று சொல்கிற பழக்கத்தை இந்த முறை விட்டுவிடச் சங்கமே சொல்ல வேண்டும். தலை எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, தண்ணீர் போதவில்லை என்று கவுன்சிலரிடம் போய் நின்றால் அவர் எந்தக் கணக்கைப் பார்த்துத் தண்ணீர் விடுவார்?

பதினைந்து நாளுக்குள் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நோட்டீஸின் போட்டோவையும் வால்வு மூடிய அன்று எடுத்த வீடியோவையும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுவோடு கொடுப்பேன்.

நாலாம் நம்பர் வீட்டை நான் காலி செய்யச் சொல்லப் போவதில்லை. ஆறாம் நம்பரையும் இல்லை. உங்கள் கணக்குப்படி அடுத்த மாதக் கடைசியில் எனக்கு 5,000 ரூபாய் அபராதம் வரும். வாங்க வருகிறவர் ரசீதுப் புத்தகத்தோடு வரட்டும். எதற்காக வாங்குகிறீர்கள் என்ற காரணத்தை ரசீதில் முழுதாக எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வீதி லைன் வீட்டுக்காரி,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்